வித்தையும் கடனும்

2015 அக்டோபரில் ஜோஹன்னஸ்பர்க் நகரத்து விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம் அடுத்த ஆண்டுக் கட்டணத்தை 10.5 சதவீதம் உயர்த்த முற்பட்டபோது, வாயில்களை மறித்து மாணவர்கள் எழுப்பிய குரல் தென்னாப்பிரிக்கா எங்கும் பரவி, கேப் டவுனில் பாராளுமன்றத்தையும் பிரிட்டோரியாவில் அரசாங்க மாளிகையையும் எட்டி, அம்மாதம் 23ஆம் தேதி ஜனாதிபதி ஜேக்கப் ஜூமா, 2016இல் உயர்வே இல்லை என்று அறிவிக்கும்படி செய்தது.

அக்கிளர்ச்சியினடியில் பொருளாதாரத்தினும் ஆழ்ந்த தர்மப் பிரச்சினை ஒன்று கிடக்கிறது. மனிதன் தேவர்க்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்றும், அவற்றுள் ரிஷிகளுக்குரிய கடன் கற்பதனாலேயே தீர்கிறது என்றும் நம் முன்னோர் கொண்டார்கள். கடன் தீர்க்கும் வழியே கல்வியாயிருக்க, அக்கல்விக்காகவே ஒரு வாலிபனைக் கடனாளியாக்குவது எத்தனை விபரீதம்!

ஆயினும், தன் பிள்ளை கல்லூரி வாசலையே காணாதிருக்கையில், பிறர் பிள்ளையின் படிப்புக்குச் சுரங்கத் தொழிலாளி ஏன் வரி செலுத்த வேண்டும் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதை அலட்சியம் செய்ய என் மனம் ஒப்பவில்லை. கற்றவன் அத்தொழிலாளிக்கு ஆயுள் முழுதும் கடமைப்பட்டவன் என்பதொன்றே நான் காணும் விடை. அம்மாணவர்கள் அதை உணர்ந்தே இருந்தார்கள் என்று கருதுகிறேன். ஏனெனில், தங்கள் கட்டணத்தோடு நில்லாமல், ஒப்பந்தக்காரரின்கீழ் சொற்பக் கூலிக்கு உழைத்த துப்புரவுத் தொழிலாளரைப் பல்கலைக்கழகங்களே நேரடியாக நியமிக்க வேண்டுமென்றும் அவர்கள் வற்புறுத்தினார்கள். கேப் டவுன் பல்கலைக்கழகம் அதற்கு இணங்கவும் செய்தது.