பொறு என்று சொல்பவர் நிற்கும் இடம்

மன்னார்க் கரையோரச் செத்தவீடுகளில் தவறாமல் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "எல்லாம் ஆண்டவருடைய சித்தம், பொறுத்துக்கொள் பிள்ளை." சொல்பவர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். கேட்பவருக்கு அது ஒரு வீட்டில் தாகத்துக்குத் தண்ணீராகிறது, இன்னொரு வீட்டில் வாயில் அடைத்த துணியாகிறது. கடலில் கவிழ்ந்த வள்ளத்தில் மகனைப் பறிகொடுத்த தாயிடம் சொல்வதும், வெள்ளை வான் வண்டியில் கடத்தப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் தாயிடம் சொல்வதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஆனாலும் ஒன்று ஆறுதல், மற்றது கிட்டத்தட்ட ஒரு குற்றம். துன்பத்தில் இருப்பவரைப் பார்த்துப் பொறு என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு?

யோபுவின் நண்பர்கள் மூவரும் வந்த புதிதில் ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் வாய் திறக்காமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள்மேல் ஒரு பிழையும் இல்லை. உனக்கு ஏன் இது நேர்ந்தது தெரியுமா என்று விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் பிழைத்தார்கள். கதையின் முடிவில் கடவுள் கோபிப்பதும் அவர்களைத்தான். தம்மோடு வழக்காடிய யோபு சரியாகப் பேசினான் என்றும், தமக்காக வக்காலத்து வாங்கியவர்கள் தவறாகப் பேசினார்கள் என்றும் தீர்ப்புச் சொல்கிறார். பிரசங்க மேடைகளில் யோபுவின் பொறுமை பேசப்படும் அளவுக்கு இந்தத் தீர்ப்பு பேசப்படுவதில்லை.

மன்னாரில் இந்தக் கேள்விக்கு வயது ஏறக்குறைய ஐந்நூறு. 1544இல் பிரான்சிஸ் சவேரியார் தாம் வர முடியாத நிலையில் ஒரு குருவை மன்னார்த் தீவுக்கு அனுப்பினார். கடற்றொழில் குடிகள் பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஞானஸ்நானம் பெறுவது போர்த்துக்கேயர் பக்கம் சாய்வது என்றே யாழ்ப்பாண மன்னன் சங்கிலி எண்ணினான். அந்த ஆண்டின் இறுதிப் பகுதியில் அவன் படையால் ஏறத்தாழ 600 பேர் கொல்லப்பட்டார்கள். தோட்டவெளியில் வேதசாட்சிகளின் அரசி ஆலயம் நிற்பது அவர்கள் நினைவில்தான்.

அடுத்து நடந்ததைப் பெருநாள் பிரசங்கங்கள் அவ்வளவாகத் தொடுவதில்லை. சவேரியார் போர்த்துக்கேய ஆளுநரிடம் போய் மன்னனைத் தண்டிக்கும்படி கேட்டார். படையெடுப்புக்கு வாக்கும் கிடைத்தது. ஆனால் பெகுவிலிருந்து சரக்கோடு வந்த போர்த்துக்கேயக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்ட, சரக்கு மன்னன் கைக்குப் போனது. அதை மீட்பதுதான் அவசரம் என்றானது, படையெடுப்பு கைவிடப்பட்டது. இரத்தத்துக்கு இரத்தம் கேட்டிருக்க வேண்டும் என்பது இங்கே வாதம் அன்று. அறுநூறு பேரின் விசுவாசத்தைப் போற்றிய கைகளே ஒரு கப்பல் சரக்கோடு அவர்களை நிறுத்துப் பார்த்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. செத்தவர்களின் துணிவைப் புகழ்வதில் புகழ்கிறவருக்கு ஒரு சதமும் செலவில்லை.

1658இல் மன்னார் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டார்கள். வழிபாடு ஒளிவு மறைவானது. 1670 அளவில் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போயின. அவர்கள் தங்கிய இடமே மடு. பாம்பு தீண்டாதிருக்க மடு மண்ணை முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் யாத்திரிகரிடம் இன்றும் உண்டு. காட்டில் ஒளிந்தவர்களின் பயம் எதுவாக இருந்தது என்பதற்கு அந்த மண்முடிச்சைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

தோட்டவெளியில் இருப்பவர்கள் ஓடாமல் செத்தவர்கள். மடுவை உண்டாக்கியவர்கள் சாகாமல் ஓடியவர்கள். ஒரே மறைமாவட்டம் இருவரையும் வணங்கத்தக்க நினைவாக வைத்திருக்கிறது. விசுவாசம் உள்ளவன் நின்று தாங்க வேண்டும் என்று விதி சொல்பவர்கள் மடுவுக்குப் போகும்போது அந்த விதியை எங்கே வைத்துவிட்டுப் போகிறார்கள்? 2008 ஏப்ரலில் போர் மடுவை நெருங்கியபோது குருக்கள் அதே சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். மாதாவே இடம்பெயர்ந்தாரா என்று மனம் உடைந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் இடம்பெயராத மாதாவை வைத்துக்கொண்டு இடம்பெயர்ந்த சனம் என்ன செய்யும்? 2022 மார்ச்சில் பால்மா விலையும் அரிசி விலையும் எட்டாத உயரத்துக்குப் போனபோது, குழந்தைகளோடு வள்ளம் ஏறி தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணல்திட்டில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்கள் உண்டு. அவர்களைப் பார்த்து, ஆண்டவர் வழிகாட்டும்வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்கும் வாய்க்கு மாந்தைக் குடும்பங்களின் கதை தெரிந்திருந்தும் நினைவில் இல்லை.

பொறு என்று சொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்தக் கரையில் இரண்டு பெயர்களைச் சொல்லலாம். 1984 டிசம்பர் 4 அன்று மன்னாரில் நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்கள் இராணுவத்தால் கொல்லப்பட்டார்கள். ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 13 அன்று, மெதடிஸ்த குருவான ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் முருங்கன் பகுதியில் கொல்லப்பட்டார். 1985 ஜனவரி 6 அன்று வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் தம் கோயில் வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இருவரும் தங்கள் சனத்துக்கு நடந்ததை வெளியே சொன்னவர்கள். இருவரும் ஓடியிருக்கலாம், ஓடியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவர்கள் எழுப்பிய செபங்களில் ஆண்டவரின் சித்தம் என்ற சொல் கட்டாயம் வந்திருக்கும். ஆனால் அதைச் சொன்ன வாய் எங்கே நின்று சொன்னது என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். கொழும்பிலோ லண்டனிலோ சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு சொல்லப்படும் தேவசித்தமும், சுடப்படக்கூடிய வளவில் நின்று சொல்லப்படும் தேவசித்தமும் அகராதியில் ஒன்றாக இருக்கலாம்.

கூட நிற்பது மட்டும் போதுமா? மடு அதற்கும் ஒரு சோதனை வைத்தது. தொண்ணூறுகளில் கோயிலைச் சுற்றிய காட்டு நிலத்தில் பல்லாயிரம் பேர் கொட்டில் போட்டு இருந்தார்கள். குருக்களும் கன்னியர்களும் கூடவே இருந்தார்கள். 1999 நவம்பரில் கோயில் வளவில் எறிகணை விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். இராணுவமும் விடுதலைப் புலிகளும் ஒருவரை ஒருவர் குற்றம்சாட்டினார்கள். பேசாலையில் 2006 ஜூனில், வெற்றி அன்னை ஆலயத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள்மேல் கைக்குண்டு வீசப்பட்டு ஒரு மூதாட்டி இறந்தார், பலர் காயப்பட்டார்கள். கோயிலுக்குள் இருந்தால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை இரண்டு இடத்திலும் பொய்த்தது. அதற்குப் பிறகும் சனம் அதே கோயில்களுக்குத்தான் போனது. பாதுகாப்புக்காக மட்டும் போயிருந்தால் போவதை நிறுத்தியிருப்பார்கள்.

போர் முடிந்தபின் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு செய்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் என்று அரச கச்சேரிகள் காட்டிய தொகை 429,059. போருக்குப் பின் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் என்று ஐ.நா. காட்டிய தொகை 282,380. மீதி 146,679. 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் இந்தக் கணக்கை வைத்து, இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அத்தனை பேரும் இறந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. எண்ணிக்கை சரியா என்று விவாதிப்பவர்கள் விவாதிக்கலாம், அதற்காகத்தான் அதை அவர் மேசையில் வைத்தார். அவருக்குக் கிடைத்தது புலனாய்வு விசாரணை. 2021 ஏப்ரல் 1 அன்று இறக்கும்வரை அந்தக் கழித்தலுக்கு எவரும் விடை சொல்லவில்லை.

ஒரு ஆயரின் வேலை ஆறுதல் சொல்வதா, கணக்குப் பார்ப்பதா என்று அன்று கேட்டவர்கள் இருந்தார்கள். இரண்டும் வேறு என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. கலங்கிய தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் சேறு அடியில் படியும், நீர் தெளியும். தேற்றுதல் என்ற சொல்லுக்குத் தெளிவித்தல் என்றும் ஆறுதல்படுத்துதல் என்றும் இரு பொருளும் தமிழில் பழையவை. தூய ஆவியைப் பழைய வேதாகம மொழிபெயர்ப்பு தேற்றரவாளன் என்றது. பிற்காலத் திருவிவிலியம் துணையாளர் என்கிறது. தெளிவிப்பவர், கூட நிற்பவர்: இரண்டு பெயரையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், உண்மையை மூடிவிட்டுச் சொல்லப்படும் ஆறுதலுக்கு அந்த ஆவியோடு உறவு இல்லை என்று தோன்றுகிறது.

மறுபக்கமும் உண்டு, அது கனமானது. எல்லாத் துன்பத்துக்கும் குற்றவாளி இருப்பதில்லை. சோளகக் காற்றில் கவிழும் வள்ளத்துக்கு எந்த ஆணைக்குழுவிலும் மனுப் போட முடியாது. புற்றுநோய்க்குக் கழித்தல் கணக்கு இல்லை. குற்றவாளி இருக்கும் இடத்திலும் நீதி வரும்வரை ஒருத்தி காலையில் எழும்ப வேண்டும், உலை வைக்க வேண்டும், மிஞ்சிய பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். உரிமைக்காகக் குரல் கொடுப்பவர்கள் மாலையானதும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இரவில் அவளோடு இருப்பது செபமாலைதான். அந்தச் செபமாலையைப் பார்த்து, மக்களை மயக்கும் பொருள் என்று ஒதுக்குவது சாய்வு நாற்காலிக்காரரின் இன்னொரு வகைச் சொகுசு.

தவசுகாலத்தில் மன்னார் ஊர்களில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கக் கேட்டவர்களுக்கு இது புரியும். கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது. இழுத்து, ஏற்ற இறக்கத்தோடு, ஒப்பாரிக்கு அருகில் போகும் குரலில் வாசிப்பார்கள். பாடுபட்டுச் சாகும் மகனும் பார்த்துக்கொண்டு நிற்கும் தாயும்தான் அதன் பொருள். அழாதே என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. சேர்ந்து அழுவதற்கு ஒரு ஒழுங்கும் ஒரு நேரமும் ஒரு இராகமும் அங்கே உண்டு. முந்நூறு ஆண்டாகச் சனம் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இலக்கிய நயம் மட்டுமாக இருக்க முடியாது.

ஆனால் சேர்ந்து அழத் தெரிந்த சமூகம் அடுத்தவர் அழுகையையும் கேட்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களின் சனம் கைப்பையோடு கடல்வழியே கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கியது. வடக்கு முழுவதிலும் வெளியேற்றப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகம். மடுவுக்கு ஓடிய மாந்தைக் குடும்பங்களின் கதையைத் தங்கள் விசுவாசத்தின் வேராகக் கொண்டவர்கள், அயலவரின் அந்த ஓட்டத்தைத் தங்கள் கதையின் இன்னொரு அத்தியாயமாகப் பார்த்தார்களா என்பது வசதியான கேள்வி அன்று. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல்நாள், மாந்தைச் சந்தியில் திருக்கேதீச்சரத்துக்காக நட்ட அலங்கார வளைவை ஒரு கத்தோலிக்கக் கூட்டம் பிடுங்கி எறிந்தது. வேதசாட்சிகளின் பிள்ளைகள் என்ற பெருமை அன்று எந்தக் கையையும் தடுக்கவில்லை. பட்ட துன்பம் தானாக மனத்தை விரிக்கும் என்று நம்புவது துன்பத்துக்கு அளவுக்கு மிஞ்சிய மரியாதை.

அதனால் பொறு என்று சொல்பவரிடம் கேட்க வேண்டியவை கூடிக்கொண்டே போகின்றன. எங்கே நின்று சொல்கிறீர்? நடந்ததை நடந்ததாகச் சொன்ன பிறகு சொல்கிறீரா, அதற்குப் பதிலாகவா? உம்முடைய கோயிலுக்கு வராதவள் அழும்போதும் இதே குரல் உமக்கு வருமா?

நவம்பர் 2 ஆன்மாக்கள் திருநாள். அன்று மாலை சேமக்காலைகளில் ஒவ்வொரு கல்லறையும் மெழுகுதிரியால் ஒளிரும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கு அன்று திரி நட இடமில்லை. அரசு 2016இல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றைச் சட்டமாக்கியது. காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் தன் முதல் பொதுச் சந்திப்பை 2018 மே மாதம் மன்னாரில்தான் நடத்தியது. அதே ஆண்டு மன்னார் நகரில் சதோச வளவில் அகழ்வு தொடங்கியது; தோண்டத் தோண்ட முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. தன் பிள்ளை அதற்குள் இருக்கக் கூடாது என்றும், இருந்தாலாவது தேடல் முடியும் என்றும் ஒரே மனம் இரண்டு விதமாக வேண்டியது. அனுப்பிய மாதிரிகள் 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று அமெரிக்க ஆய்வுகூடம் அறிவித்தது. தாய்மார் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

இப்படி ஒருத்தி பூசைக் கருத்துக் கொடுக்க அறைவீட்டுக்கு வந்தால் குருவானவர் கொப்பியில் எந்தப் பக்கம் எழுதுவார்? மரித்தோர் பக்கத்தில் எழுதினால் அவளுடைய பிள்ளையை அவர் கொன்றுவிட்டார். உயிரோடிருப்போர் பக்கத்தில் எழுதினால், தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லிவிட்டார். தேதியைக் கேட்டு, பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் கேட்டு, பக்கங்களுக்கு நடுவிலுள்ள ஓரத்தில் அந்தப் பெயரை மட்டும் அவர் எழுதலாம். பூசையில் அதை உரக்க வாசிக்கலாம்.