கவுண்டருக்கு இந்தப் பக்கம்

சென்ற இதழில் நண்பர் ஒருவர், குடி, காமம் இரண்டிலும் நம் சமூகத்தின் பிடி தளர்ந்து வருகிறது, தனிமனித சுதந்திரம் என்ற கருத்து மெள்ள வேர் பிடிக்கிறது என்று எழுதியிருந்தார். தளர்ந்திருப்பது நிஜம். இரண்டு தளர்வும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது அதற்கு ஒரு தார்மீக நியாயம் சொல்லப்பட்டது. போன வருமானத்துக்கு ஈடாக 1939-ல் விற்பனை வரி வந்தது. (வரி தங்கிவிட்டது, விலக்குத்தான் போய்விட்டது.) 1948-ல் மாகாணம் முழுக்க விலக்கு, 1971-ல் தளர்வு, 1974-க்குள் மீண்டும் கதவடைப்பு, 1981-ல் மீண்டும் திறப்பு, 1983-ல் டாஸ்மாக், 2003-ல் சில்லறை விற்பனையும் அரசு வசம். இந்த நெடுங்கதையில், குடிப்பது ஒருவனுடைய சொந்த விஷயம், அதில் தலையிட யாருக்கும் உரிமையில்லை என்று வாதாடி ஜெயித்தவர் எவரும் இல்லை. கஜானாவும் கள்ளச்சாராயச் சாவுகளும்தான் பேசின. 2023-24-ல் மது மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். கஞ்சாவுக்கு அப்படியொரு கஜானா வாய்க்கவில்லை. 1985-ன் மத்திய சட்டப்படி ஒரு கிலோவுக்குள் வைத்திருந்தாலும் ஓராண்டு வரை சிறை உண்டு. அதே செடியின் வெறும் இலை அந்தச் சட்டத்தின் விளக்கத்துக்கு வெளியே நிற்பதால் வடக்கே பாங்கு அரைக்கிறார்கள். எது எவ்வளவு கேடு என்று யாரும் தராசில் நிறுத்துப் பார்த்துப் போட்ட கோடல்ல இது.

காமத்தில் நடந்தது நேர்மாறு. அங்கே வாதம் மட்டுமே நடந்தது. இங்கிலாந்தில் 1957-ல் வுல்ஃபெண்டன் குழு, வயது வந்த இரு ஆண்கள் தனிமையில் இசைந்து செய்வது சட்டத்தின் வேலையல்ல என்றது. 1959-ல் டெவ்லின் பிரபு அதை மறுத்தார். சாதாரண மனிதனுக்குப் பொறுக்க முடியாத அருவருப்பு உண்டாகிறதென்றால் அது சமூகத்தின் தற்காப்பு உணர்ச்சி, சட்டம் அதை மதிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஹார்ட் 1963-ல் பதில் எழுதினார். 1967-ல் அங்கே சட்டம் மாறியது. அவர்கள் 1860-ல் நமக்கு எழுதிக் கொடுத்த 377-ஆம் பிரிவு, நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் அதைக் குறுக்கும் வரை இருந்தது. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய 497 அதே மாதம் 27-ல் விழுந்தது. தீர்ப்புகளைப் படித்துப் பார்த்தேன். நல்ல உரைநடை. வீட்டுக் கூடத்தில் அவற்றை உரக்கப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

ஆக, ஒன்று விவாதமில்லாமல் பழகிப்போயிற்று. மற்றது பழகாமலே விவாதத்தில் வென்றது. முதலாவதைச் சகிப்பு என்று சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை. கண்டுகொள்ளாமல் இருப்பதற்குக் காசு வாங்கிக்கொண்டோம், அவ்வளவுதான்.

நம்மிடம் இதைவிடக் கூர்மையான பாகுபாடு ஒன்று இருந்திருக்கிறது. வள்ளுவர் பிறனில் விழையாமையை அறத்துப்பாலில் வைத்தார். வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது மூன்றையும் அடுத்தடுத்துப் பொருட்பாலில் வைத்தார். இன்னொருவனுக்குச் செய்யும் துரோகம் ஓரிடத்தில், தன்னையும் தன் பொருளையும் தொலைத்துக்கொள்வது வேறோரிடத்தில். இதை வைத்து வள்ளுவரை மில்லுக்கு முன்னோடி ஆக்கிவிடும் உத்தேசம் எனக்கில்லை. அந்த வேலைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒழுக்கம் என்ற ஒரே மூட்டைக்குள் எல்லாவற்றையும் அவர் திணிக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

பி.ஏ. படித்த நாளிலிருந்து நான் மில், ஹார்ட் கட்சி. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுவல்ல.

2022-ல் ஒரு பிற்பகல். எங்கள் கிளையில் பக்கத்து மதுக்கடையின் வசூல் தினமும் கட்டப்படும். சூப்பர்வைசர் கொண்டுவந்த கட்டுகளை எண்ணி முடித்திருந்தேன். ஈர நோட்டுகளும் அந்த வாடையும் எனக்கு எப்போதோ பழகிவிட்டிருந்தன. அடுத்து முப்பதை ஒட்டிய இரண்டு ஆண்கள். கூட்டுக் கணக்கு தொடங்க வேண்டும். இருவரில் எவரும் எடுக்கலாம், ஒருவருக்குப் பின் மற்றவருக்கு, என்கிற வகை. படிவத்தைப் பார்த்துவிட்டு, “உறவு?” என்றேன்.

ஒருவர் மற்றவரைப் பார்த்தார். “ஒண்ணா இருக்கோம் சார்.”

“அதான், என்ன உறவு?”

“ஃப்ரெண்ட்ஸ்னு போட்டுக்குங்க சார்.”

நான் பக்கத்து மேஜையைப் பார்த்தேன். சகா சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும், ஏனென்றால் படிவத்தை எடுத்துக்கொண்டவர் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “ஃபேமிலிக்குள்ளதான் சார் பண்ண முடியும்” என்றேன். போய்விட்டார்கள்.

டெவ்லினின் சாதாரண மனிதனை இத்தனை வருஷமும் நான் எங்கோ கிளாப்ஹாம் பஸ்ஸில் உட்கார்த்தி வைத்திருந்தேன். எனக்கு அன்று அருவருப்பு ஏற்படவில்லை. ஏற்பட்டிருந்தால் படித்த புத்தி விழித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். சகாவுடன் சேர்ந்து சிரிக்க முடிந்ததில் ஒரு சௌகரியம் இருந்தது. டெவ்லின் சமூகத்தைக் கட்டிக் காப்பதாகச் சொன்ன உணர்ச்சி இந்த அளவுக்கு அற்பமானதாகவும் இருக்கலாம். ஹார்ட் அதற்குப் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்திருக்காது.

2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியின் விளக்கமும் நிதி அமைச்சகத்தின் அறிவிப்பும் வந்தன. இத்தகையோர் கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரையொருவர் நாமினியாக நியமிக்கவும் எந்தத் தடையும் இல்லை என்று அதில் கண்டிருந்தது. புதிதாக ஓர் அனுமதியும் அதில் தரப்படவில்லை. பழைய விதிகளைத் தேடிப் பார்த்தேன். கூட்டுக் கணக்குக்கு உறவுமுறை வேண்டும் என்று எங்கும் இல்லை. 2022-ல் அவர்களுக்கு நான் சொன்ன விதி என்னுடையது.

சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் சேர்த்தேன். சகா மாற்றலாகிப் போய்விட்டார். மதுக்கடைப் பணம் வழக்கம்போல் நான்கு மணிக்கு வந்தது. அந்த இருவரும் பிறகு எங்கள் கிளைக்கு வரவில்லை.