சென்றடைதல்

மருந்து செல்லவேண்டிய இடத்திற்கு மட்டுமே செல்லுதல் வேண்டும் என்பது வைத்தியத்தின் நெடுநாட் கனவு. அக்கனவின் இன்றைய வடிவமே நனோத்துணிக்கைச் சிகிச்சை எனலாம். ஒரு மீற்றரின் 100 கோடியில் ஒரு பங்கு நனோமீற்றர். சில பத்து நனோமீற்றர் அளவேயுள்ள பொற்றுணிக்கையொன்று கட்டி இருக்குமிடத்தைப் படத்திற் காட்டுகிறது. சுமந்துவந்த மருந்தை ஆங்கே விடுக்கிறது. உடலை ஊடுருவிவரும் செந்நிறக்கீழ் ஒளி பட்டதும் வெப்பமுற்றுப் புற்றுக்கலங்களைச் சுடுகிறது. கண்ணும் கையும் நெருப்பும் ஒன்றேயாகிய விந்தை இது.

புற்றுக்கட்டியின் குருதிக்குழாய்கள் கசிவுடையன. ஆதலால் பருத்த மூலக்கூறுகள் அங்கே கசிந்து தங்கிவிடும் என 1986இல் ஜப்பானிய அறிஞர் மற்சுமுராவும் மயேடாவும் காட்டினர். இத்துறையின் நம்பிக்கை பெரும்பாலும் இதன்மீதே எழுந்தது. எனினும், பத்தாண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ரொறன்ரோ பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட முடிவு வேறாயிருந்தது. செலுத்தப்பட்ட துணிக்கைகளுள் கட்டியைச் சென்றடைபவை, இடைநிலை அளவாக, 0.7 வீதமே. எஞ்சியவற்றுட் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. இதனைப் படித்தபோது நான் நகைத்தேன். விஞ்ஞானிகளின் இடர்ப்பாடு கலைப்பீட மாணவனுக்குச் சிறு களிப்பைத் தருவதுண்டு. பின்னர் வேறோர் எண் கண்ணிற்பட்டது, நகை அடங்கிற்று.

பேராதனையைச் சேர்ந்த பல்வைத்திய அறிஞர் சமன் வர்ணகுலசூரியவும் துணைவரும் 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வேட்டில் ஒரு முயற்சியை விவரித்தனர். குறுகிய பயிற்சி பெற்ற 34 ஆரம்பச் சுகாதாரப் பணியாளர், ஓராண்டில் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் வாயைப் பரிசோதித்தனர். ஐயத்துக்குரிய மாற்றமுடையோரென 1,200 பேருக்கு மேல் மறுபரிசோதனைக்கு அனுப்பப்பட்டனர். வந்தோர் ஏறத்தாழ அரைவாசிப்பேரே.

இங்கு நனோவும் இல்லை, பொன்னும் இல்லை. வாய்ப்புற்று பல வேளைகளில் வெண்படலமாகவோ செம்படலமாகவோ முன்னறிவித்தே வருகிறது. அதனைக் காண நல்ல வெளிச்சமும் பயின்ற கண்ணும் போதும். புகையிலை சேராத பாக்குங்கூடப் புற்றுநோயை விளைக்கும் என்பது 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இருந்தும் இந்நாட்டு ஆண்களிடையே முதலிடம் வகிப்பது வாய்ப்புற்றே.

வராத அரைவாசிப்பேர் அசட்டையானவர் என்பது எளிதான தீர்ப்பு. நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவன். அத்தீர்ப்பை என்னால் ஏற்க இயலவில்லை. குளிருக்கும் பசிக்கும் மலையில் துணையிருப்பது வெற்றிலைதான். கண்டிக்குப் போய்வரும் நாள் ஒரு நாட்பேரை இழக்கும் நாள். நோய் நோகாதிருக்கையில் பேரை இழப்பவர் யார்? துணிக்கையைக் கட்டியிற் சேராது தடுக்கும் ஈரலைக் குற்றஞ் சாட்டுவார் எவருமிலர்; அதனைக் கடக்கும் வழியையே தேடுகின்றனர். மனிதரைத் தடுப்பவற்றிடத்து மட்டும் நாம் ஏன் அத்துணைப் பொறுமை காட்டுவதில்லை?

அங்ஙனமாயின் நனோ ஆய்வை நிறுத்திவிடலாமோ எனின், அதுவும் பிழை. வாய்க்குள் விளக்கடித்துக் கணையத்தைக் காணவியலாது. நமது பல்கலைக்கழகத்தில் அத்தகைய ஆய்வு நடத்தல் வீண்செலவு என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. ஏழை நாட்டார் பழைய மருந்தோடு அமைய வேண்டும் என்பதே அவ்வாதத்தின் உட்கிடை. என் வழக்கு வேறு. 0.7 வீதத்தை ஒரு வீதமாக்க ஆண்டுக்கணக்கில் உழைப்பதை அறிவு என்கிறோம். அரைவாசியை முக்கால்வாசியாக்கப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாட்சம்பளமும் கொடுப்பதைத் தருமம் என்கிறோம். இரண்டும் ஒரே வினாவின் விடைகளல்லவா? மருந்தின் அளவு ஊசியில் உள்ளதன்று, சேர்ந்ததே என்று விஞ்ஞானம் ஒப்புக்கொண்டுவிட்டது. வைத்தியத்தின் அளவையும் அவ்வாறே கணித்தால், கட்டப்பட்ட கட்டிடங்கள் கணக்கிற் சேரா. வந்துசேர்ந்த மனிதரே சேர்வர்.

சென்ற விடுமுறையில் அம்மாயியின் கன்னத்தின் உட்புறத்தே வெண்படலமொன்றைக் கண்டேன். பேராதனைப் பல்வைத்தியசாலைக்குச் செல்வோமென்றேன். மறுக்கவில்லை. வெற்றிலையை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் கேட்டது ஒன்றே: “கூட வாற ஒங்கம்மாவுக்கு அன்னிக்குப் பேரு போடுவாங்களா?”