சோம்பலின் நடுவே சிரத்தை

பொதுத்துறை வங்கியொன்றில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். போட்டித் தேர்வுக்கு ஆண்டுக்கணக்கில் படித்து, சொந்த ஊரைவிட்டு வெகுதொலைவில் உள்ள சிறு நகரக் கிளைக்கு வந்திருக்கிறார். நேரத்திற்கு முன்பே இருக்கையில் அமர்கிறார். வந்த விண்ணப்பத்தை அன்றே முடிக்கிறார். இரண்டே மாதங்களில் மூத்த ஊழியர் ஒருவர் தோளில் தட்டி, "தம்பி, இவ்வளவு வேகம் வேண்டாம். நாளை எங்களிடமும் இதையே எதிர்பார்ப்பார்கள்" என்கிறார்.

இதைச் சோம்பேறியின் பேச்சு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அதன் பின்னால் ஓர் அச்சம் இருக்கிறது. 1931–32இல் அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு அருகே, ஹாதார்ன் தொழிற்சாலையில் 14 தொழிலாளர்களைத் தனி அறையில் அமர்த்தி ஆய்வாளர்கள் பல மாதங்கள் கவனித்தனர். அதிகம் செய்தால் அதிக ஊதியம் என்ற ஏற்பாடு இருந்தும், நாளொன்றுக்கு இவ்வளவே போதும் என்று தொழிலாளர்கள் தமக்குள் வரம்பு வகுத்திருந்தனர். மீறியவர் கேலிக்கு ஆளானார். புஜத்தில் குத்தும் வாங்கினார். மிகக் குறைவாகச் செய்தவரையும் அவர்கள் பொறுக்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது. வேகத்தைக் காட்டினால் நிர்வாகம் கூலி விகிதத்தைக் குறைத்துவிடும் என்பதே அவர்களது பயம். முற்றிலும் வீணான பயம் என்று அதைச் சொல்லிவிட முடியாது.

எனினும் வங்கி முகப்பில் இந்த நியாயம் நிற்காது. ஆலையில் வேலை குறைந்தால் இழப்பு முதலாளிக்கு. இங்கே இழப்பு யாருக்கு? நவம்பர் மாதத்தில் ஒரு கிளைக்குள் நுழைந்து பார்த்தால் விளங்கும். உயிர்வாழ் சான்று தராவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்பதால், கைத்தடியுடன் முதியவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஊழியர் தேநீருக்குச் சென்று கழிக்கும் அரைமணி நேரம் நிர்வாகத்தின் பையிலிருந்து போவதில்லை. அந்த முதியவரின் முழங்காலிலிருந்து போகிறது. ஆகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ள அந்த இளைஞருக்கு உரிமை இல்லை என்றே நாம் கருதுகிறோம்.

உண்மையான சோதனை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உழைப்பவர் மெல்ல மெல்ல ஒரு கணக்கு எழுதத் தொடங்குகிறார். யார் எப்போது வந்தார், எத்தனை முறை எழுந்து போனார், தாம் முடித்தது எத்தனை, அவர் முடித்தது எத்தனை என்று மனம் இரண்டாவது பேரேடு ஒன்றைத் திறந்துவிடுகிறது. கையில் உள்ள வேலையைவிட இந்தப் பேரேடுதான் அவரைக் களைப்படையச் செய்கிறது. வீட்டுக்கும் அதையே சுமந்து செல்கிறார். சோம்பல் பிறருடையது; அதனால் விளையும் கசப்போ இவருடையது!

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு: எல்லோருடைய வேலையையும் வாய் திறவாமல் தாமே செய்துவிடுவது. பார்வைக்குத் தியாகம்போல் தோன்றும். ஆனால் இதனால் குறை மறைக்கப்படுகிறது. பிறர் மேலும் நழுவக் கற்கின்றனர். இவர் மாற்றலாகிச் செல்லும் நாளில் கிளை திணறுகிறது. உடல்நலமில்லாத சக ஊழியருக்குத் தோள்கொடுப்பது வேறு, நாள்தோறும் ஒருவருக்குப் பதிலாளாக இருப்பது வேறு. பின்னதை மறுப்பதும், பொறுப்பிலுள்ள மேலாளரிடம் பணிவாகவும் தெளிவாகவும் எடுத்துரைப்பதும் கடமையைச் சேர்ந்தவையே. இதைக் கோள் என்று சிலர் பேசக்கூடும், பேசட்டும்.

அந்த மூத்தவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரும் ஒரு காலத்தில் விரைந்து உழைத்தவராக இருந்திருக்கலாம். 2014இல் மின்னணு உயிர்வாழ் சான்று முறை வந்தது. வயலில் உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி பல வேளைகளில் ஏற்பதில்லை. இளைஞர் ஒரு மூதாட்டியின் விரலை மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்க்கிறார். அடுத்த மேசையிலிருந்து அந்த மூத்தவர் எழுந்து வருகிறார். மூதாட்டியைப் பெயர் சொல்லி நலம் விசாரித்தபடியே, இழுப்பறையிலிருந்து காகிதப் படிவத்தை எடுத்து, கையொப்பமிட வேண்டிய இடத்தைக் காட்டுகிறார்.