கூலிக்கு ஏலம் உண்டா?

காலை ஏழு மணி, ஓர் அரசு மருத்துவமனை வார்டு. ஃபினாயில் வாளியோடு இரண்டு பெண்கள் ஆளுக்கொரு மூலையில் துடைக்கத் தொடங்கி நடுவில் வந்து சேர்கிறார்கள். நோயாளி வாந்தி எடுத்தால் இருவரில் யார் அருகில் இருக்கிறாரோ அவர்தான் ஓடுகிறார். ஒருவர் நிரந்தரப் பணியாளர், மற்றவர் காண்ட்ராக்ட். முன்னவருக்குச் சம்பளக் கமிஷன் வழிவந்த ஊதியம். பின்னவருக்கு, டெண்டரில் குறைத்துக் கேட்ட நிறுவனம் கொடுப்பதுதான் கூலி.

ஒரே தரைக்கு இரண்டு விலை. இதில் எது நியாயம்?

கேள்வி பழையது. மத்தேயு சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வருகிறார். விடியற்காலையில் வந்தவருக்கும் பொழுது சாயும் நேரத்தில் வந்தவருக்கும் அவர் ஒரே காசைக் கொடுக்கிறார். முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். அந்தக் காசு அக்காலத்தில் ஒரு நாள் கூலி, அதாவது ஒரு வீட்டின் ஒரு நாள் சாப்பாடு. கடைசியாக வந்தவன் வீட்டிலும் அடுப்பு எரிந்தாக வேண்டும்.

இந்த உவமையிலிருந்துதான் ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் தன் நூலுக்குப் பெயர் எடுத்தார். 1860இல் அது பத்திரிகைக் கட்டுரைகளாக வந்தபோது எதிர்ப்பு கிளம்பி, தொடர் பாதியில் நின்றது. அதில் அவர் கேட்டது இதுதான்: பிரதமர் பதவியையோ பிஷப் பதவியையோ குறைந்த சம்பளத்துக்கு வருபவருக்குக் கொடுப்பதில்லையே, தொழிலாளியின் கூலியை மட்டும் ஏன் ஏலம் விடுகிறோம்? 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் அதைப் படித்த காந்திக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. பிறகு ‘சர்வோதயம்’ என்ற பெயரில் குஜராத்தியில் அதன் சாரத்தை எழுதினார்.

சுதந்திர இந்தியா இந்தக் கேள்விக்கு விடை தேடாமல் இல்லை. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியைச் சந்தை நிலவரத்தை வைத்துக் கணக்கிடவில்லை, வயிற்றை வைத்துக் கணக்கிட்டது. பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, அதற்கு மேல் வாடகையும் விறகும் விளக்கும். அரசால் அவ்வளவு தாங்காது என்று இரண்டாவது சம்பளக் கமிஷன் ஒதுங்கிக்கொண்டது. ஏழாவது கமிஷன் அதே கணக்கை ஒட்டித்தான் மாதம் 18,000 ரூபாய்க்கு வந்தது.

அதே கமிஷன் தனியார் துறையோடு ஒப்பிட்டும் பார்த்தது. அகமதாபாத் ஐஐஎம் நடத்திய ஆய்வில், அரசின் கடைநிலை உதவியாளருக்கு மாதம் 22,579 ரூபாய், தனியாரில் அதே வேலைக்கு 8,000 முதல் 9,500 வரை. இதைப் பார்த்துப் பலரும் சொல்வது, அரசு அள்ளிக் கொடுக்கிறது என்று. வெளியே அரைவயிற்றுக்குக்கூட ஆகாத கூலிதான் கொடுக்கிறார்கள் என்று ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை?

இரண்டு சம்பளமும் ஒன்றையொன்று இழுக்கின்றன. அரசு வேலைக்காகப் படித்துக்கொண்டே தனியார் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியரை, ‘நாளைக்கே போகப்போகிறவர்தானே’ என்று நிர்வாகம் குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொள்கிறது. இந்தப் பக்கம் அரசோ, வெளியே ஆள் மலிவாகக் கிடைக்கிறதே என்று வார்டு துடைக்கும் வேலையைக் காண்ட்ராக்டுக்கு விடுகிறது. ரஸ்கின் எதிர்த்த ஏலத்தை அரசே நடத்துகிறது.

ஒரு மறுப்பைத் தள்ளிவிட முடியாது. அந்தக் காண்ட்ராக்ட் பெண் வாங்கும் சோப்பிலும் வரி இருக்கிறது, அந்த வரியிலிருந்துதான் நிரந்தரப் பணியாளரின் சம்பளமும் போகிறது. இல்லாதவர் இருப்பவருக்குக் கொடுப்பதா? அவருடைய மனக்குறை நியாயமானதே. ஆனால் பக்கத்தில் நிற்பவரின் சம்பளத்தைக் குறைத்தால் இவர் வீட்டு அரிசிப் பானை நிறைந்துவிடாது. 2016இல் பஞ்சாப் தற்காலிகப் பணியாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சம வேலைக்குச் சம ஊதியம் என்றது. குறைந்த கூலிக்கு யாரும் மனமுவந்து வருவதில்லை, குடும்பத்தின் சோற்றுக்காகத் தன்மானத்தை விட்டுத்தான் வருகிறார்கள் என்றும் சொன்னது. தோட்டக்காரரின் பக்கம் நின்ற தீர்ப்பு அது.

மாதக் கடைசியில் நிரந்தரப் பணியாளரின் செல்போனில் சம்பளம் ஏறிய குறுஞ்செய்தி வருகிறது. மற்றவருக்குப் பத்தாம் தேதி தாண்டலாம். “அக்கா, ஒரு ஐந்நூறு கைமாத்தா கிடைக்குமா?” என்று அவர் கேட்க, அக்கா முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார்.