நட்ட பிறகு

தொல்காப்பியம் நடுகல் மரபை ஆறு படிகளாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லை நடுவது அதில் நான்காவது படிதான். நட்ட பிறகும் ஊருக்குக் கடமை மிச்சம் இருக்கிறது.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த, ஈராயிரம் ஆண்டு கடந்த நடுகல் ஒன்றில், ஆநிரை கவரும் ஆகோள் பூசலில் மாண்டவனின் பெயர் உண்டு; அரசன் பெயர் இல்லை. போர் யாருடையது என்பதை வரலாறு எழுதிக்கொள்ளும். பிள்ளை யாருடையவன் என்பதை ஊர்தான் எழுத வேண்டும்.

1999 மே 29 அன்று, கார்கில் போரில் படாலிக் பகுதியில் வீழ்ந்தபோது மேஜர் சரவணனுக்கு வயது 26. திருச்சியில் அவர் நினைவிடத்தைக் கடந்து போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது தாங்கள் பிறக்கும் முன்பு நடந்த போர். கூடப் படித்தவர்களுக்குத் தலை நரைக்கிறது. அவருக்கு என்றும் 26தான்.

நினைவுச் சின்னம் அரியக்குடிக் குத்துவிளக்கைப் போன்றது: வார்ப்பவர் வேலை ஒருநாள் முடிந்துவிடும், துலக்குபவர் வேலை முடிவதே இல்லை. சின்னம் எழுப்பப் பணம் போதும். நினைவு காக்க மனம் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மாலை சாத்துவது மரியாதை. ‘இவர் யார்?’ என்று கேட்கும் குழந்தைக்கு, நின்று பதில் சொல்வதே நன்றி.