வாடகை வீடும் அமானிதமும்



நம் வியாபாரிகள் கையில் நாலு காசு மிஞ்சினால் முன்பெல்லாம் அது ஊருக்குப் போய் நிலமாகவோ நகையாகவோ ஆகும். இப்பொழுது இங்கேயே, அலோர் ஸ்டாரில், ஏதாவது ஒரு தாமானில் வீடு வாங்கி வாடகைக்கு விடுவது நம்மவரிடம் பரவி வருகிறது. நல்ல காரியம்தான். கடையில் வியாபாரம் படுத்தாலும் வாடகை வரும். உடம்பு தளர்ந்த காலத்தில் கை கொடுக்கும். அது ஹலாலான வருமானமும் ஆகும்.

வட்டிக்கு விடுகிறவன் பணத்தைக் கொடுத்துக் கூடுதலாகப் பணம் வாங்குகிறான். வீடு விடுகிறவரோ குடியிருக்கும் பலனைக் கொடுத்து அதற்குக் கூலி வாங்குகிறார். வீட்டுக்கு வரும் சேதம் அவர் தலையில்தான். நமது ஷாபியீ மத்ஹபில், வாடகையும் தவணையும் முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும். இடையில் வீடு இடிந்துபோனால் மீதி நாட்களுக்கு வாடகை இல்லை. கூரை ஒழுகினால் சீர்செய்வது சொந்தக்காரர் பொறுப்பு, அவர் செய்யாவிட்டால் குடியிருப்பவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். இந்தச் சுமைகளை ஏற்காமல் மாதம் பிறந்ததும் வாடகையை மட்டும் கேட்கிறவர், தான் செய்வது இன்ன வியாபாரம் என்பதையே அறியாதவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைச் சரக்குக்கு வருஷா வருஷம் ஜக்காத் உண்டு. வாடகைக்கு விட்ட வீட்டின் மதிப்புக்கு இல்லை. வாடகைப் பணம் சேர்ந்து, 85 கிராம் தங்கத்தின் மதிப்பை எட்டி, ஒரு வருஷம் கையில் நின்றால்தான் இரண்டரை சதவீதம். இதைக் கேள்விப்பட்டு, ஜக்காத்துக்குத் தப்பவே வீடு வாங்குகிறேன் என்று ஒருவர் என் கடையில் உட்கார்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை அறியாதவர் நம்மில் யார்? 1801-ல் கம்பெனியார் 18 ஏக்கர் நிலம் கொடுக்க, காதர் முகைதீன் மரைக்காயர் அவர்கள் முன்னின்று எழுப்பியது. அந்த வக்பு நிலத்தில் வீடுகளும் கடைகளும் எழும்பின. வாடகை பள்ளிக்குச் சேர்ந்தது. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று கேட்டபோது, நிலத்தை விற்காமல் நிறுத்தி வைத்து அதன் விளைச்சலைத் தருமம் செய்யும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிக்கொடுத்த வழியே இது. இவ்வளவு உயர்ந்த ஏற்பாட்டிலும் மனிதக் கை சும்மா இருக்கவில்லை. தர்ம சொத்துக்களின் நிர்வாகம் சீர்கெட்டுக் கிடந்ததால் 1905-ல் சர்க்கார் தனிச் சட்டம் போட்டு ஒரு போர்டு வைக்க நேர்ந்தது. அல்லாஹ்வுக்கென்று விட்ட வீட்டின் வாடகைக்கே காவல் தேவைப்பட்டதென்றால், நமக்கென்று வைத்திருக்கும் வீட்டைப் பற்றி என்ன சொல்ல!

அதே பினாங்கில்தான் நான் பிறந்தேன். ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் என் தகப்பனார் வாடகைக்கு இருந்தார்கள். 1948 ஜனவரி 31-க்குள் கட்டிய கட்டிடங்களுக்கு வாடகையை ஏற்றவோ குடியிருப்பவரை எழுப்பவோ எளிதில் முடியாதபடி, 1966-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. ஓடு மாற்றக்கூடக் காணாத வாடகை. மூலையை வாடகைக்கு எடுத்து, அதையே பல மடங்குக்கு உள்வாடகை விட்டு லாபம் பார்த்தவர்களும் உண்டு. ஆகையால் வீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. 1997-ல் அச்சட்டம் ரத்தாகி, 2000 ஜனவரி முதல் தேதியோடு கட்டுப்பாடு அடியோடு நீங்கியது. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் சாமான்களை லாரியில் ஏற்றினார்கள். எங்கள் லாரி அலோர் ஸ்டாருக்கு வந்தது. எனக்கு அப்பொழுது பதினெட்டு வயது. அம்மியை யார் தூக்குவது என்று வாப்பாவும் சிற்றப்பாவும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இருபது வருஷம் கழித்து நானே வீட்டுக்காரன் ஆனேன். ஒரு மாடியில்லாத வீடு. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வேலைக்கு வந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு விட்டேன். வழக்கப்படி இரண்டு மாத வாடகை டெபாசிட். 2020 மார்ச்சு 18-ந் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அவர்கள் வேலை நின்றது. மூன்று மாதம் வாடகை வரவில்லை. எனக்கும் பேங்கு தவணை இருந்தது. பூட்டை மாற்றிவிடலாமா என்று எண்ணினேன். வக்கீல் ஆபீஸ் கிராணி ஒருவர், தவணை முடிந்தவரைக்கூடக் கோர்ட்டு உத்தரவின்றி வெளியேற்ற 1950-ம் வருஷத்துச் சட்டம் விடாது, பாக்கிக்குச் சாமானைப் பிடிக்க 1951-ம் வருஷத்துச் சட்டப்படி கோர்ட்டு வாரண்டு வேண்டும் என்றார். அதைக் கேட்டு என் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. வீட்டில் என் மனைவிதான், “நீங்க பினாங்குல எந்த வீட்ல இருந்தீங்க?” என்று ஒரே வார்த்தை கேட்டாள்.

கஷ்டப்படும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் மேல் என்பது பகரா சூராவின் 280-ம் வசனத்தின் கருத்து. எத்தனை பயானில் கேட்டிருப்பேன்! அவகாசம் கொடுத்தேன். பிந்தியதற்கு அபராதம் போடவில்லை. கடன் மேல் ஏற்றும் காசு எங்கே போய் நிற்குமென்று மதரஸாவில் படித்தவனுக்குத் தெரியும். மறு வருஷம் அந்த அம்மாள் பாக்கியைத் துளித் துளியாக அடைத்துத் தீர்த்தார்.

ஆனால் நான் வெட்கப்படுவது வேறொன்றுக்கு. அவர்கள் வீட்டைக் காலி செய்த அன்று, “பாய், டெபாசிட் பணம்?” என்று கேட்டார். பணம் என்னிடம் இல்லை. கேட்காமலே அதை அரிசிச் சரக்கில் போட்டிருந்தேன். அமானிதமாக வந்த பணத்தை என் முதலாக நடத்தியிருக்கிறேன்! இரண்டு வாரம் அலையவிட்டுத்தான் கொடுத்தேன். அதிலும் சுவருக்குச் சாயம் பூச என்று 150 வெள்ளி பிடித்துக்கொண்டேன். பிறகு யோசித்தால், ஐந்து வருஷம் குடியிருந்தால் மங்கும் சாயம் அது. அவர்கள் செய்த சேதமல்ல.

இப்பொழுதைய குடியிருப்பாளரின் டெபாசிட் தனிக் கணக்கில் இருக்கிறது. கடைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அந்த அம்மாளின் டெலிபோன் நம்பர் மாறிவிட்டது. அவர் பெயரால் சதக்கா கொடுத்துவிடலாமா என்று நம் ஹழ்ரத்திடம் கேட்டேன். “ஆளைத் தேடிப் பார்த்துவிட்டு வாரும், பிறகு பேசுவோம்” என்றார்கள். கூலிமில் தங்கை இருப்பதாக அவர் எப்பொழுதோ சொன்ன ஞாபகம். 150 வெள்ளியை ஓர் உறையில் போட்டுக் கல்லாவில் வைத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கூலிமுக்குப் போவதாக நிய்யத்து.